அந்தப் படத்தில் கலரை உருவியது யார்

பெங்களூரில் அழுவதற்குக்கூட டிக்கெட் எடுத்து, கையில் சோளப்பொரியோடு போகிறார்கள். ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் சேகர் என்னை மாலுக்கு ஒரு பொம்மைப் படம் பார்க்கக் கூட்டிப்போனான். ஒரு கிழவனும் கிழவியும். சிரிக்கும்போது வீடெல்லாம் மாம்பழ மஞ்சள், அவள் புடவை நல்ல சிவப்பு. கிழவன் செத்தான். சுவர் வெளுத்தது, பூந்தொட்டி வெளுத்தது, கடைசியில் அவள் புடவையும் சாம்பலாகிவிட்டது. தியேட்டரே விசும்பியது. என் கண்ணும் கலங்கியது. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

பக்கத்து சீட்டுப் பெண் என் கையைத் தட்டி, "அளபேடி அஜ்ஜி, பரீ சினிமா" என்றாள். அழ வேண்டாமாம், வெறும் சினிமாவாம்.

"அழலம்மா, கொமட்டுது" என்றேன். அவள் பாவம், பிளாஸ்டிக் பை தேடினாள்.

என் வீட்டுக்காரர் போனபோது என் சிவப்புப் புடவை தானாக வெளுக்கவில்லை. நாத்தனார்தான் உருவினாள். சாம்பல் கலரில் ஒன்றைச் சுற்றிவிட்டாள். பெங்களூர் ஸ்ரீராம்புரம் வந்தேன். புருஷன் இருக்கிறானா என்று கேட்காமல் தெரு கூட்டும் வேலையும் ஆரஞ்சுக் கோட்டும் கொடுத்தார்கள். அதன்பின் சிவப்பு கட்டினேன், பச்சை கட்டினேன், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்குப் போகும்போது மட்டும் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அந்தச் சாம்பலுக்கு மாறிக்கொள்வேன். புடவைக் கலரைப் பார்க்காத இந்தப் பெங்களூரிலா இந்தப் படத்துக்கு அழுகிறார்கள்!

வெளியே வந்து சேகர் கண்ணைத் துடைத்தான். "கலர வெச்சே அழ வெச்சிட்டான் பாத்தியாம்மா?"

"அவ சீலைய யார்ரா உருவுனது?"

"யாரும் உருவலம்மா. அவ மனசு அப்படி ஆயிடுச்சுன்னு காட்றாங்க."

"அவ மனசா, பாக்க வந்தவங்க மனசா?"

அவன் பேச்சை என் நாத்தனார் பக்கம் மாற்றினான். "வெள்ளிக்கிழமை அத்தை வீட்டுக் கல்யாணம். எப்பவும் போல ஓசூர்ல மாத்திக்கம்மா. சண்ட வேணாம்."

"கல்யாணத்துக்கு வரட்டுமா, கருமாதிக்கு வரட்டுமா?"

வெள்ளிக்கிழமை சிவப்பிலேயே கிளம்பினேன். பஸ் அத்திபெலே எல்லையைத் தாண்டியது. ஓசூரில் இறங்கியதும் சேகர் கழிப்பறைப் பக்கம் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் நேராகப் போய் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். சீட்டுத் தகரம் குத்தியது. பையிலிருந்த சாம்பல் புடவையை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

"அத்தைக்கு என்னம்மா சொல்லுவ?"

"அவளுக்குக் கண்ணு தெரியுமில்ல?"

ஊர் வரைக்கும் அதன்மேல்தான் போனேன். இறங்கும்போது அதைச் சீட்டிலேயே விட்டுவிட நினைத்தேன். கை வரவில்லை. உதறி, மடித்து, மறுபடியும் பையில் வைத்துக்கொண்டு மேளச் சத்தத்தைப் பார்த்து நடந்தேன்.