பட்டினத்தில் இருப்பது யார்?

குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த அன்று, அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் என் கணவர் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே ஒன்னய விட்டுட்டு எங்கிட்டும் போகமாட்டேன்." கல்யாணமான நாளிலிருந்து பாதிக்குமேல் போனிலேயே குடும்பம் நடத்தியவள் நான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இருந்தேன்.

அப்படிப்பட்டவர் மாதம் தவறாமல் கடலோரத்துப் பழைய பட்டினத்துக்குப் போய்வர ஆரம்பித்ததும் எனக்கு மூக்கில் வியர்த்தது. "கூட வேலை பாத்தவரு, ஒடம்புக்கு முடியாம இருக்காரு," என்பார். நோயாளியைப் பார்க்க இஸ்திரி போட்ட சட்டையும் சென்ட்டும் எதற்கு?

ஒருநாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நான் எடுத்தேன். வாயைத் திறக்குமுன் ஒரு பெண் குரல், "அண்ணே, ஆத்தா ஒங்களையே கேட்டுக்கிட்டு இருக்காங்க. எப்ப வாரீங்க?" என்றது. பேசாமல் வைத்துவிட்டேன். எங்கள் பக்கம் ஆத்தா என்றால் அம்மா. எவளோ ஒருத்தியின் அம்மா என் கணவரை ஏன் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்?

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் தயாராக இருக்கும். "அது பழைய ஊராமே, அந்தக் காலத்துல கப்பலெல்லாம் வந்துச்சாமே, நானும் பாக்க வாரேன்," என்றேன். திருமயம் கோட்டைக்குக் கூப்பிட்டபோதே கால் வலிக்கிறது என்றவளுக்குத் திடீரென்று சரித்திர ஆசை.

"அங்க பாக்க ஒண்ணுமில்லையே," என்றார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். விடாமல் கிளம்பிவிட்டேன்.

"இங்கதான் கப்பல்லேர்ந்து குதிரை இறக்குனாங்களாம்," என்று பட்டினத்துக் கரையில் நின்று காட்டினார். சேற்றில் ஆடுகள் நின்றிருந்தன. கடல் அலையே இல்லாமல் குளம்போலக் கிடந்தது. மரத்தூண் வைத்த பெரிய வீடுகள் பாதிக்குமேல் பூட்டியிருந்தன. பழைய பள்ளிவாசலின் கல்தூண்களை அவர் காட்டக் காட்ட, நான் தெருவில் போகும் பெண்களைப் பார்த்தேன். மீன் வாங்கிக்கொண்டு போன ஒரு கிழவி அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். எழுபது வயதிருக்கும். அவளையும் விடாமல் சந்தேகப்பட்டேன்.

கடைசியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். முக்காடு போட்ட இளம்பெண் திறந்தாள். அதே குரல். "வாங்கண்ணே, வாங்கக்கா. அத்தா உள்ளதான் இருக்காங்க."

உள்ளே வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஆத்தா இல்லை, அத்தா. அவர்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். போனில் குறிலை நெடிலாகக் கேட்டுவிட்டு ஒரு மாதம் தூக்கம் கெட்டிருக்கிறேன். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. டீயை ரசித்துக் குடித்தேன். அந்தப் பெண்ணின் குழந்தையைக்கூட வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

பெரியவர் என்னைப் பார்த்து, "நீ சம்மதிச்சது பெரிய விசயம்மா," என்றார். "மறுபடி குவைத்துக்குப் போறேன்னு இவரு சொன்னப்ப, வீட்டுல கேட்டுட்டு வாங்கன்னுதான் சொன்னேன். எம்மகன் அங்க விசாவுக்கு ஏற்பாடு பண்ணிட்டான். ரெண்டு வருசம்தான், ஓடிப்போயிரும்."

என் கணவர் டீ கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். சக்களத்தி என்று ஒருத்தி இருந்திருந்தால் அவள் குடுமியைப் பிடித்திருப்பேன். அந்த வீட்டில் பிடிக்க யாரும் இல்லை.

"என்கிட்ட யாரும் கேக்கலைங்க," என்று பெரியவரிடம் சொன்னேன்.