பேசாமல் விட்ட பந்தி

எங்கள் வீட்டு ஷோகேசில், அம்மாவின் கண்ணாடிக் குவளைகளுக்கும் ஒரு பிள்ளையாருக்கும் நடுவில், தங்கப் பூச்சு உரிந்த வெற்றிக்கிண்ணம் ஒன்று நிற்கிறது. பேச்சுப்போட்டி, கீழ்ப்பிரிவு, முதலாம் இடம். அதைத் தூக்கி எறியச் சொல்லி அம்மாவோடு எத்தனையோ தடவை சண்டை பிடித்துவிட்டேன். "உனக்கென்ன விசரே? பத்து வயசில எடுத்த கப்" என்று சொல்லி, அதைத் துடைத்து மறுபடியும் அதே இடத்தில் வைப்பார். வீட்டுக்கு வருகிற அன்ரிமாருக்கு எடுத்துக் காட்டவும் செய்வார். அவர்கள் கெட்டிக்காரி என்று என் கன்னத்தைக் கிள்ளுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மெல்பேர்ன் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டியைப் பார்க்காதவர்களுக்கு அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். பேசுவது பிள்ளை, எழுதுவது வீட்டிலுள்ள பெரியவர்கள். எங்களுக்குத் தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கவே மூச்சு வாங்கும் என்பதால் முழுப் பேச்சையும் ஆங்கில எழுத்தில் எழுதித் தருவார்கள். எங்கே கையைத் தூக்குவது, எங்கே குரலை ஏற்றுவது என்று சிவப்புப் பேனையால் அடையாளம் இருக்கும். பெயர் சொல்லக் கூடாது, இலக்கம்தான். நான்காம் நிமிடத்தில் ஒரு மணி அடிப்பார்கள், ஐந்தாம் நிமிடத்தில் இரண்டு. அதற்கு மேல் போனால் புள்ளி வெட்டு. நீ பேசியது உனக்கு விளங்கியதா என்று மட்டும் ஒரு குஞ்சும் கேட்காது. அந்த வருடம் மல்கிரேவில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள் பேசினோம். அதில் எட்டுப் பேர் தாயின் அன்பைப் பற்றிப் பேசினார்கள், ஒன்பது பேர் தமிழின் தொன்மையைப் பற்றி.

என்னுடைய பேச்சை எழுதியது அக்கா. அவளுக்குப் பதினெட்டு வயது. நாங்கள் இலங்கையிலிருந்து படகில் வந்த குடும்பம், தற்காலிக விசாவில் டன்டினோங்கில் ஒரு சின்ன யூனிட்டில் இருந்தோம். பன்னிரண்டாம் வகுப்புச் சோதனையில் அக்கா எடுத்த புள்ளியைக் கேட்டு, போட்டிக்குப் பொறுப்பாக இருந்த அங்கிளே வீட்டுக்கு வந்து கை குலுக்கிவிட்டுப் போனார். அவருடைய மகனும் அதே வருடம்தான் சோதனை எழுதினான். அக்காவைவிடக் குறைந்த புள்ளி எடுத்த அவன் பல்கலைக்கழகம் போனான். அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. இந்த விசாவில் இருப்பவர் படிப்பதென்றால் வெளிநாட்டு மாணவியாக முழுக் கட்டணம் கட்டவேண்டும் என்று அதில் மிகவும் பண்பாக எழுதியிருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு என்னிடம், அக்கா ஒரு வருடம் லீவு எடுக்கிறாள் என்றுதான் சொன்னார்கள். அவள் கீரையும் சலாத்து இலையும் பைகளில் அடைக்கும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். வியாழக்கிழமைகளில் எனக்குச் சொக்கலேட் வாங்கி வருவாள். படிப்பைவிட இதுதான் நல்ல வேலை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வேலையில்லாத நாட்களில் அவள் நூலகத்தில் போய் இருப்பாள். அங்கேதான் அந்த உரைகளைக் கண்டுபிடித்தாள். அமெரிக்காவில் அடிமைகளாகப் பிறந்து, தப்பி ஓடி, பிறகு ஊர் ஊராகப் போய் மேடையேறிப் பேசிய கறுப்பின மனிதர்களின் உரைகள். ஆண்களும் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள். ஒரு கட்டுப் பிரதி எடுத்து வந்து, வேலைக்களைப்போடு குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் குந்தியிருந்து வாசிப்பாள். வாசிக்க வாசிக்க முகம் சிவக்கும். "கேளடி, எழுத்துப் படிக்கிறதே குற்றமாம். படிப்பிச்சவைக்கும் தண்டனையாம்" என்று என்னிடம் சொல்வாள். நான் ஓம் ஓம் என்று சொக்கலேட்டைத் தின்றுகொண்டிருப்பேன்.

அந்த வருடத்து என் பேச்சு அவர்களைப் பற்றியதாகிவிட்டது. அக்கா எழுதியிருந்ததில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்த மனிதர்களுக்கு மேடை கொடுத்தவர்கள் நல்ல வெள்ளைக்காரர்கள்தான், அடிமை முறையை எதிர்த்தவர்கள்தான். ஆனால் அவர்களிலும் சிலர், நீங்கள் அடிபட்ட கதையை மட்டும் சொல்லுங்கள், நியாயம் பேசுவதை எங்களிடம் விட்டுவிடுங்கள் என்றார்களாம். அந்த மனிதர்களோ கேட்கவில்லை. தழும்பையும் காட்டினார்கள், நியாயத்தையும் பேசினார்கள். பள்ளிக்கூடம் வேண்டும், வாக்கு வேண்டும் என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அந்த இடத்தில் வலது கையை உயர்த்தி, விரலை நீட்டிச் சபையைப் பார்க்கவேண்டும். சிவப்புப் பேனையில் இரண்டு கோடு.

அதற்குப் பிறகு கடைசிப் பந்தி. அது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: "எங்கள் வீட்டிலும் படிக்க விரும்பும் ஒருத்தி இருக்கிறாள். அந்த மனிதர்களோடு தன்னை ஒப்பிட அவள் துணியமாட்டாள். அவர்களை அடித்தார்கள். அவளை ஒருவரும் அடிக்கவில்லை, ஒரு கடிதம்தான் அனுப்பினார்கள். ஆனால் மரியாதையாகப் பூட்டினாலும் பூட்டிய கதவு பூட்டிய கதவுதான். சபையோரே, உங்களில் பலர் ஒரு காலம் இதே கதவுக்கு வெளியே நின்றவர்கள். உள்ளே போன நீங்கள் எங்களுக்காக ஒருமுறை தட்டுவீர்களா?"

யாரக்கா அந்த ஒருத்தி என்று கேட்டேன். "சும்மா ஒரு ஆள்" என்றாள் அக்கா. தாயின் அன்பைப் பற்றிப் பேசுகிற பிள்ளைகளின் பேச்சில் வருகிற தாயைப்போல இவளும் ஓர் ஆள் என்று விட்டுவிட்டேன். குசினியில் நின்று நான் பேசிப் பழகும்போது, சோறூட்டுகிறவர்கள் பிள்ளையோடு சேர்ந்து தாங்களும் வாயைத் திறப்பார்களே, அப்படி அக்காவின் உதடுகளும் என்னோடு சேர்ந்து அசையும். சத்தம் வராது.

போட்டிக்கு முந்தின சனிக்கிழமை ஒத்திகை. அதற்கு முன்பே பேச்சின் தமிழ்ப் பிரதியைக் கொடுத்துவிடவேண்டும் என்பது விதி. அக்கா வேலைக்குப் போயிருந்தாள், அம்மா என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார். பொறுப்பாளர் அங்கிள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கதிரையில் இருத்தினார். என்னுடைய பிரதி அவர் கையில் இருந்தது.

"பிள்ளை, பேச்சு நல்லாயிருக்கு. ஆனா நாங்கள் என்ன கறுப்பு அடிமையளோ? அவையளின்ர கதை எங்களுக்கு என்னத்துக்கு?"

அவருடைய நிறமும் என்னுடைய நிறமும் ஒன்றுதான் என்று இப்போதென்றால் சொல்லியிருப்பேன். ரயிலில் பக்கத்து இருக்கையை விட்டு எழும்பிப் போகிறவனுக்கு எங்களுக்குள் உள்ள இந்தப் பெரிய வித்தியாசம் தெரியுமா அங்கிள் என்றும் கேட்டிருப்பேன்.  அன்றைக்கு அவர் தன் விலையுயர்ந்த பேனையை எடுத்தார். அடிபட்ட கதைகளையெல்லாம் அப்படியே விட்டார். மேடை கொடுத்தவர்கள் வாயடைக்கப் பார்த்த கதையையும் விட்டார், அதற்குப் பக்கத்தில் "நன்று" என்றுகூட எழுதினார். பிறகு கடைசிப் பந்திக்குக் குறுக்கே ஒரு நீலக் கோடு இழுத்தார்.

"பிரதம விருந்தினராய் எம்.பி. வாறார். நாங்கள் நன்றியுள்ள சனம் எண்டு அவருக்குத் தெரியவேணும். உங்கட அப்பான்ர விசா அலுவலும் கிடக்கெல்லோ. ஏதும் பிசகினால் பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை விட்டிட்டுச் சொன்னீர் எண்டால் முதல் பரிசு எடுக்கிற பேச்சு. அக்காவுக்கு இப்ப சொல்லாதையும், அவ கவலைப்படுவா" என்றார்.

அடப்பாவி மனுஷா! அகதியாக வந்து, காகிதம் கிடைத்து, படித்து, இரண்டு வீடு கட்டி, பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய மனிதர். அந்த ஒருத்தி யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வந்து கை குலுக்கியவர் அல்லவா? பத்து வயதுப் பிள்ளையைத் தகப்பனின் விசாவைச் சொல்லி வெருட்ட எப்படி மனம் வந்தது?

அப்பாவுக்குப் பயந்துதான் விட்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பயந்ததும் உண்மைதான். ஆனால் வீட்டுக்குப் போகிற வழி முழுக்க என் கண்ணுக்குள் நின்றது அப்பா அல்ல, கப். அக்காவிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தக் கிழமை முழுவதும் அவளுக்கு முன்னால் கடைசிப் பந்தியையும் சேர்த்தே பேசிப் பழகினேன். அந்தக் கள்ளத்தனத்தை எனக்கு யாரும் எழுதித் தரவில்லை.

போட்டி நாளன்று எம்.பி. வந்தார். அங்கிள் பொன்னாடை போர்த்தினார். எம்.பி. விளக்கேற்றி, வணக்கம் என்று சொன்னார். அந்த ஒரு சொல்லுக்கே மண்டபம் கைதட்டி அதிர்ந்தது. பிறகு ஒரு வடையைத் தின்றார், படம் எடுத்தார், இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது என்று போய்விட்டார். அப்போது மேடையில் நான்காம் இலக்கம் நின்றது. என்னுடையது பதினேழு. தமிழில் வணக்கம் தவிர வேறொன்றும் தெரியாத ஒருவருக்குப் பயந்து, அவர் கேட்கவே போகாத ஒரு பந்தியை வெட்டியிருக்கிறார்கள்! இதை நினைத்தால் சிரிப்பு வரவேண்டும். எனக்கு வயிறுதான் எரிகிறது. எம்.பி. போன பிறகு, சரி பிள்ளை, இப்ப சொல்லும் என்று அங்கிள் வந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வரவில்லை. அவருக்கு எம்.பி. ஒரு சாட்டு. அந்தக் கேள்வி முன்வரிசையில் இருந்த அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் எழுதப்பட்டது என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

என் முறை வந்தது, பேசினேன். நன்றாகவே பேசினேன். மேடை கொடுத்தவர்களின் கதை வந்தபோது வலது கையை உயர்த்தி, விரலை நீட்டி, சபையைப் பார்த்தேன். என் விரல் நேராக அங்கிளைத்தான் காட்டியது. அவர் தலையாட்டி ரசித்தார். முதல் மணி அடித்தது. இன்னும் ஒரு நிமிடம் முழுதாக இருந்தது. நான் நன்றி, வணக்கம் என்றேன்.

நடுவர்கள் எழுதித் தந்த தாளில் குரல் தெளிவு, ழகரம் சிறப்பு, நேரக் கட்டுப்பாடு மிகச் சிறப்பு என்று இருந்தது. கிண்ணத்தைத் தந்தது அங்கிள்தான்.

காரில் ஏறியதும் அக்கா கேட்டாள், "கடைசிப் பந்தி மறந்து போச்சோ?"

"ஓம்" என்றேன்.

"பரவாயில்லையடி. கப் எடுத்திட்டாய்தானே" என்று சொல்லி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எனக்குப் பேச்சு எழுதித் தரவில்லை. வேலை கூடிப்போச்சு என்று சொன்னாள், நானும் நம்பினேன். எங்களுக்கு நிரந்தர விசா வந்தபோது நான் பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் இருந்தேன், கதவு எனக்கு நேராகத் திறந்தது. அக்கா முப்பது வயதில், என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இப்போதுதான் முதலாம் வருடம் படிக்கிறாள். அவளிடமிருந்து எடுத்த அந்த வருடங்களை யார் திருப்பிக் கொடுப்பது? பண்பாகக் கடிதம் எழுதியவர்களா, பேனை வைத்திருந்த அங்கிளா, மண்டபமே கேட்டிருக்கக்கூடிய ஒரு கேள்வியைக் கிண்ணத்துக்கு விற்ற நானா?

மேடையில் கண்டதை மட்டும் இன்றுவரை அக்காவிடம் சொன்னதில்லை. நான் குனிந்து கும்பிட்டு நிமிர்ந்தபோது சனம் கைதட்டிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் அக்கா, தொழிற்சாலைச் சட்டையோடு, கைதட்டாமல் என்னையே பார்த்தபடி நின்றாள். அவளுடைய உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. பேச்சு முடிந்ததுகூட அக்காவுக்குத் தெரியவில்லையே என்று நினைத்து, அங்கே நின்றபடி நான் சிரித்தேன்.