அடையாள அட்டையில் இருந்த ஒல்லிப் பெண்

இந்தக் கதையை நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். கலியாண வீடுகளில், கந்தோர் மேசையில், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களுக்கு முன்னால். எல்லா இடத்திலும் சிரித்தார்கள். இப்போது அதைச் சிரிப்பில்லாமல் எழுதப் பார்க்கிறேன். காலையிலிருந்து எழுத உட்காருவதும், எழும்பிப் போய்ப் பல்கனிக் கதவைத் திறந்து மூடுவதுமாக இருக்கிறேன்.

யுத்த காலம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு மாடி வீட்டின் மேல்தட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்குக் கோட்டையில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்து வந்தவன். சிங்களம் கந்தோர் அலுவலுக்குப் போதுமான அளவு பேசுவேன். மனைவி கொட்டாஞ்சேனைக்காரி. துறைமுகத்துக்குப் பின்தெருவில் சிங்களப் பிள்ளைகளோடு ஓடி விளையாடி வளர்ந்தவள். பல்கனியில் நின்று மீன்காரனோடு அவள் சிங்களத்தில் விலை பேசுவதைக் கேட்க ஒழுங்கையில் ஆட்கள் நிற்பார்கள். அவனே சிரித்துச் சிரித்து விலையைக் குறைப்பான்.

என்னைக் கட்டும்போது அவள் ஒல்லி. அடையாள அட்டைப் படம் அதற்கும் முன்னால் எடுத்தது. கழுத்தெலும்பு எடுப்பாகத் தெரியும். பெரிய கண்கள்.

பிறகு எங்கள் வீடு என் சொந்தக்காரருக்கு ஒரு தங்குமடம் ஆனது. ஊரிலிருந்து வந்து, விசாவுக்கும் ஏஜென்சிக்காரனின் சொல்லுக்கும் காத்திருப்பார்கள். மாதக்கணக்கில் இருப்பார்கள். அவள் எல்லாருக்கும் சமைத்தாள். எல்லாரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, குசினியில் நின்றபடி சட்டியோடு சாப்பிடுவாள். சோற்றுக் கோப்பையில் போட்டுச் சாப்பிடாதபடியால் எவ்வளவு சாப்பிட்டாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிறகு அவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். மகனும் போனான். மகளும் கலியாணம் முடித்துப் போனாள். சோறு மட்டும் பழைய பெரிய பானையிலேயே வெந்தது. சாப்பாட்டைக் கொட்டுகிற பழக்கம் எங்கள் இருவருக்கும் இல்லை. எனக்கு வயிறு எரிவு. நான் அளவாகச் சாப்பிடுவேன்.

அவள் பருத்தாள். ஆனால் அதைப் பற்றி முதலில் பகிடி விட்டவளும் அவள்தான். "நான் ஏறினா பஸ் ஒரு பக்கம் சரியும், மற்றப் பக்கம் கொஞ்சப் பேர் நில்லுங்கோ" என்பாள். இதை நான் என் பக்க நியாயமாக எழுதவில்லை. நெடுங்காலம் அப்படித்தான் வைத்திருந்தேன். தன்னைத் தானே பகிடி பண்ணுகிறவளுக்கு மற்றவன் பண்ணினால் வலிக்காது என்று நினைத்தேன்.

கொட்டாஞ்சேனையில் அவள் தங்கையின் வீடு. கோயில் திருவிழாவுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ்ஸில் போனோம். கோட்டைக்குக் கிட்ட பஸ்ஸை மறித்தார்கள். அந்த நாட்களில் இது வழக்கம்: எல்லாரும் இறங்க வேண்டும், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடக்க வேண்டும், பஸ் தடுப்புக்கு அப்பால் போய் நிற்கும். எங்களுக்கு முன்னால் போன ஒரு இளைஞனைத் தனியாக எடுத்து மணல் மூட்டைக்குப் பக்கத்தில் இருத்தியிருந்தார்கள். அவன் சப்பாத்து நாடாவைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான்.

சிப்பாய் மனைவியின் அட்டையை வாங்கிப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி அட்டை. "மே ஒயா நெமெய்னே" என்றான். இது நீ இல்லையே. பக்கத்தில் நின்ற இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். வேறு யாருடையவோ அட்டையில் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். அவள் வாயைத் திறந்தாள். பதில் சொல்லத்தான் போனாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"ஏ கெல்லவத் மெயா காலா, சேர்." சேர், அந்தப் பெட்டையையும் இவதான் திண்டு போட்டா.

இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். ஒருவன் துவக்கைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு சிரித்தான். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற சிங்களவரும் தமிழரும் சிரித்தார்கள். அவர்களுக்கும் பயம் கொஞ்சம் விட்டிருக்க வேண்டும். அட்டை திரும்பி வந்தது. போகச் சொன்னார்கள். நான் அவளுக்கு முன்னால் விறுவிறென்று நடந்து பஸ்ஸில் ஏறினேன். அவள் பின்னால் மூச்சு வாங்க வந்து ஏறினாள்.

பயத்தில் சொன்னதற்கு மன்னிப்பு உண்டு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் பஸ் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர முன்னரே, அதைத் தங்கை வீட்டில் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். போனதும் சொன்னேன். சிப்பாயின் குரலில் சொன்னேன். தங்கையின் கணவர் சிரித்ததில் கையிலிருந்த தேத்தண்ணி கட்டியிருந்த சாரத்தில் ஊற்றுப்பட்டது. "அத்தான், இன்னொருக்கா சொல்லுங்கோ" என்றாள் தங்கை. இன்னொருக்காவும் சொன்னேன். மனைவி குசினிக்குள் போய்விட்டாள், அங்கிருந்தும் கேட்கும். முதல் தடவை பயத்தில் சொன்னது. மற்றவை எல்லாம் ருசிக்குச் சொன்னவை.

அதன் பிறகு அவள் கொட்டாஞ்சேனைக்குப் போகவில்லை. "கால் நோகுது" என்றாள். பூசைக்குப் போகவில்லை. பிறகு படியிறங்குவதையே விட்டாள். பாணும் மரக்கறியும் மீனும் கயிற்றில் கட்டிய கூடையில் பல்கனிக்கு ஏறி வந்தன. கூடையை இறக்கும்போது தலையை வெளியே நீட்டமாட்டாள். மீன்காரன் கீழிருந்து பகிடிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாளில் அவனும் சும்மா மீனைப் போட்டுவிட்டுப் போகத் தொடங்கினான்.

உடம்பு இன்னும் ஏறியது. முழங்கால் வீங்கியது. சீனி வந்தது, பிரஷர் வந்தது. மார்புக்குக் கீழும் வயிற்று மடிப்பிலும் வியர்வை தங்கிப் புண்ணாகி, பவுடர் போட்டபடி ஃபேனுக்கு முன்னால் நிற்பாள். நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும். எழும்பி இருந்து திணறுவாள். அந்தச் சத்தத்தில் நித்திரை வரவில்லை என்று சொல்லி நான் ஹோலில் பாய் போட்டுக்கொண்டேன். பகல் முழுக்க ஹவுஸ்கோட்டோடு கதிரையில் இருந்தபடி தூங்கி விழுவாள். ஆராவது கதவைத் தட்டினால் "குளிக்கிறா எண்டு சொல்லுங்கோ" என்று அறைக்குள் போய்விடுவாள். மகன் படம் கேட்டால் பழைய படம் அனுப்பினாள். "எனக்கு ஒண்டுமில்லை, சும்மா அலுப்பு" என்பாள். அவளுக்கு அழுகை வருகிற நேரங்களில் எனக்குக் கந்தோரில் வேலை இருந்தது.

நான் என்ன செய்தேன்? புதிய படம் கொடுத்து அட்டையை மாற்றலாம். கிராம சேவகரிடம் கடிதம் வாங்க ஒரு காலைப் பொழுது போதும். ஒருமுறை கேட்டேன், ஸ்டுடியோவுக்கு வரமாட்டேன் என்றாள், அதோடு விட்டேன். அவள் வீட்டில் இருப்பது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. அவளோடு தெருவில் நடக்க எனக்கு வெட்கமாக இருந்தது. இதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. வாய் திறந்து மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், வேலை விட்டு வரும்போது காலி வீதிக் கடையில் மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். எண்ணெய் ஊறிய அந்தக் கடதாசிப் பையைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் தெளியும். அது போதும் என்றிருந்தது எனக்கு. சீனி வந்த பிறகும் வாங்கினேன்.

ஒரு நாள் குளியலறையில் மயங்கிச் சரிந்தாள். என்னால் தூக்க முடியவில்லை. கீழ்வீட்டுக்காரர் வந்து உதவி செய்து, த்ரீவீலில் ஏற்றி, பக்கத்திலிருந்த டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனோம். இளம் வயது டொக்டர், தமிழ்ப் பெண். பிரஷர் பார்த்தார், சீனி பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"அன்ரி, இப்பிடியே இருந்தா இதயம் தாங்காது. ஒவ்வொரு நாளும் கொஞ்சமாவது நடக்கோணும். கடல் உங்கட ஒழுங்கை முடிவிலதானே?"

கேட்டது மனைவியிடம். நான் பேசினேன். "ரோட்டில செக்கிங், டொக்டர். மறிச்சு மறிச்சுக் கேக்கிறாங்கள். அதாலதான் இவ இறங்கிறேல்ல."

"எனக்குச் செக்கிங்குக்குப் பயமில்லை" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல். "இஞ்சேருங்கோ, நீங்க ஆமிக்காரனுக்குச் சொன்ன கதையை டொக்டருக்கும் சொல்லுங்கோவன். நல்லாச் சொல்லுவீங்கதானே."

"இப்ப என்னத்துக்கு அது?"

"சொல்லுங்கோ. தமிழில சொல்லுங்கோ."

டொக்டர் பேனையை வைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் சொன்னேன். படத்தில் இருந்த பெட்டையையும் இவதான் திண்டு போட்டா எண்டு சொன்னனான், டொக்டர். சிப்பாயின் குரல் வரவில்லை. அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. சொல்லி முடித்த பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசையில் இருந்த, அவளுடைய எடை எழுதிய தாளை நேராக்கினேன்.

"அங்கிள், கொஞ்சம் வெளியில இருங்கோ" என்றார் டொக்டர்.

வெளியே போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வாசலுக்கும் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். உள்ளே மனைவியின் குரல் கேட்டது. என்ன சொன்னாள் என்று விளங்கவில்லை. அவள் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதை நான் கேட்டுப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. என்னிடம் சொல்லாத அவ்வளவும் அவளிடம் இருந்திருக்கிறது.

அவள் வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. த்ரீவீலுக்குக் கை காட்டினேன்.

"வேண்டாம். நடந்து போவம்."

"ஏலாதப்பா உமக்கு. முன்னுக்குச் சென்றிப் பொயின்ற் வேற இருக்கு."

"இருக்கட்டும்."

வீதி மூலைக் காவலரணில் மறித்தார்கள். மீசை சரியாக முளைக்காத சிப்பாய். அவளுடைய அட்டையை வாங்கிப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பழையபடி அட்டையைப் பார்த்தான். எனக்கு நாக்கு துடித்தது. என்னத்தையாவது சொல்லி இதை முடித்துவிட வேண்டும் போலிருந்தது. அவள் என் பக்கம் ஒருமுறை திரும்பினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஓவ் புத்தே, ஏ மம தமய். மஹத் வுனா" என்றாள் அவனிடம். ஓம் மகன், அது நான்தான். உடம்பு வைச்சு மொத்தமாப் போயிட்டன்.

அவன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். "ஹரி அம்மே, யன்ன." சரி அம்மா, போங்க.

அவ்வளவுதான். அன்றைக்கும் அவள் இதைத்தான் சொல்லப் போயிருப்பாள்.

அதற்குப் பிறகு அவள் மெலிந்தாள் என்று எழுத ஆசை. மெலியவில்லை. கொஞ்சம் நடந்தாள், கொட்டாஞ்சேனைக்கும் போய் வந்தாள், மீன்காரனோடு மறுபடி சண்டை பிடித்தாள். நான் ரோல்ஸ் வாங்குவதை நிறுத்தினேன். யுத்தம் முடிந்து சில காலத்தில் சீனி முதலில் அவளுடைய கால்விரலை எடுத்தது, பிறகு அவளையே எடுத்தது. சும்மா இருந்த வருஷங்களில் உடம்பில் சேர்ந்தது திரும்பிப் போகவில்லை.

அன்றைக்கு சென்றியைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், ஒரு புடைவைக் கடையின் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சு வாங்க நின்றாள். நான் வழக்கம்போல நாலடி முன்னால் போய், அவளோடு வராதவன் மாதிரி கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அங்க என்ன பாக்கிறீங்கள்?" என்றாள். "இஞ்ச வாங்கோ. எனக்குப் பக்கத்தில நில்லுங்கோ. ஆக்கள் பாக்கட்டும்."

போய் நின்றேன். கடைக்கு வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.