சாக்காயித்து

முதலில் குறைந்தது ரூபாவின் சோறு. தொண்ணூறுகளின் கடைசியில், ஆஸ்டின் டவுனில் பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றில் நான் ஆயா. அவளுக்குப் பதினேழு வயது. தாய் தகப்பன் இல்லாத கன்னடப் பெண். பதினெட்டு ஆனால் வெளியே போகவேண்டும்.

நான் கரண்டியை நீட்டினால் தட்டைக் கையால் மூடி, "எல்லா சாக்காயித்து அக்கா" என்பாள். நான் தங்கவயலிலிருந்து வந்தவள். எனக்குத் தெரிந்தது கடைவீதிக் கன்னடம். 'சாக்கு' என்றால் 'போதும்' என்று அர்த்தம். சரியென்று அடுத்த தட்டுக்குப் போய்விடுவேன். மூன்று வாரம் அப்படியே போனேன்.

ஒரு ஞாயிறு காலை குளியலறையைத் தாழிட்டுக்கொண்டாள். கதவை இடித்து உடைத்தோம். உள்ளே என்ன செய்திருந்தாள் என்று எழுத மாட்டேன். உயிர் இருந்தது. தூக்கப்போன என் கையைச் சதை பிய்யக் கடித்தாள். வார்டன் அவள் முடியைச் சுற்றிப் பிடித்து, "நாடகமா ஆடறே?" என்று செருப்பால் அடித்தார். நானும் அறைந்தேன். பயத்தில் அடித்தேன் என்று இப்போது சொல்லலாம். அது கோபம்தான்.

ஆஸ்பத்திரியில் மனச்சோர்வு (வெறும் வருத்தமல்ல, மருந்தும் பேச்சும் தேவைப்படும் நோய்) என்றார்கள். சாகத் தோன்றுகிறதா என்று அவளை யாராவது கேட்டீர்களா என்றார் டாக்டரம்மா. கேட்டால் நாமே நினைப்பைக் கிளப்பிவிட்டது போலாகாதா என்றேன்.

"கேக்கறதால வராதும்மா. உள்ள இருக்கறது வெளிய வரும்."

எனக்கு யாரிடமும் சட்டென்று வாய் வராது. சுவரைப் பார்த்தபடி ரூபாவிடம் அதைக் கேட்டேன்.

"தினம் உங்ககிட்டதானே சொன்னேன். சாக்கு இல்ல அக்கா, சாக்காயித்து. வெறுத்துப்போச்சுன்னு அர்த்தம். நீங்க ரசவாளியைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க."

மாத்திரை வேலைசெய்யச் சில வாரங்கள் ஆயின. அதற்குள் டம்ளரை வீசி என் புருவத்தைக் கிழித்தாள். ஜன்னல் கண்ணாடியில் தலையை மோதினாள். நான் அடிக்கவில்லை, மோதிய இடத்தில் என் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா எழுதிக்கொடுத்த கடிதத்தால் விடுதியில் இன்னும் ஒரு வருடம் இருக்கவிட்டார்கள்.

என்னைப் போல இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களே, சாகத் தோன்றுகிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ரூபா இப்போது தையல் கம்பெனியில் இருக்கிறாள். தினமும் போனில் அதையே கேட்கிறேன். சில நாள் "இருக்கு" என்பாள். பஸ் ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். மற்ற நாட்களில் "இன்னிக்கு இல்ல அக்கா" என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தோள் இறங்கும், பசிக்கும். நாளை என்பதை நான் இப்போதெல்லாம் நினைப்பதில்லை.