வலிக்காத ஊசி

மாமா ஊசிக்குழலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரலால் சுண்டிக் காற்றை வெளியேற்றினார். உள்ளே இருந்தது தெளிந்த தண்ணீர். அது பால் மாதிரி இருந்திருக்க வேண்டும்.

அவர் என் அம்மாவின் தம்பி. கடலூரில் ஒரு டாக்டரிடம் முப்பது வருஷம் கம்பவுண்டராக இருந்தவர். அவர் ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்று பண்ருட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். அந்தக் கைராசிப் பேரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அப்பாவுக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, மாதம் ஒரு ஊசி போடும் பொறுப்பை அவரிடம் விட்டுவிட்டு நான் நிம்மதியாகச் சிதம்பரத்தில் வேலை பார்த்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்று என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

இத்தனைக்கும் என் வேலையே அந்த மாதிரி மருந்துகள்தான். உடம்புக்குள் மெல்ல மக்கிப்போகும் பாலிமரில் கண்ணுக்குத் தெரியாத நுண்கோளங்கள் செய்து, மருந்தை அவற்றில் அடைத்து, வேண்டிய இடத்தில் சிறுகச் சிறுக விட வைப்பது எப்படி என்று ஆய்வகத்தில் பத்து வருஷமாக மல்லுக்கட்டுகிறேன். அப்பாவின் ஊசியும் அந்த வகை. பொடியைத் தண்ணீரில் கலக்கினால் கரையாது, பால் மாதிரி மிதக்கும். சற்று விட்டால் அடியில் படிந்துவிடும். மருந்தெல்லாம் அந்தக் கோளங்களில்தான், தண்ணீரில் ஒன்றும் இல்லை. மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும் என்பதால் பெட்டியிலேயே தடித்த ஊசி ஒன்று வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் மாமாவிடம் விளக்கியிருந்தேன். மாதாமாதம் போனில் கேட்கவும் செய்வேன். "பால் மாதிரியேதாம்மா இருந்துச்சு, நீ கவலப்படாத" என்பார்.

எட்டு மாதம் கழித்து, நோய் எலும்புக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். அடுத்த ஊசியன்று லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் கடலூரில் அப்பா வீட்டுக்குப் போய் நின்றேன். மேஜையில் இருந்த மருந்துப் புட்டியின் அடியில் முழு மருந்தும் வெள்ளையாகப் படிந்து கிடந்தது. மேல்தண்ணீரை மட்டும் மெல்லிய ஊசியில் உறிஞ்சியிருந்தார். தடித்த ஊசியின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

"எத்தன மாசமா மாமா?"

அவர் தரையைப் பார்த்தார். "மொத ஊசிதாம்மா சரியா போட்டது."

தெருவே கேட்கும்படி கத்தினேன். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டீர்களே, உங்கள் பேரைக் காப்பாற்ற என் அப்பாதானா கிடைத்தார் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனவர், அதன் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

இப்போது அப்பா சிதம்பரத்தில் என்னோடு இருக்கிறார். போன வாரம் கஞ்சியை ஆற்றியபடி மாமாவை வழக்கம்போலத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"மச்சான திட்டாதம்மா. அந்தப் பெரிய ஊசி வலி தாங்கல, வேணாம்னு நாந்தான் கெஞ்சினேன். மருந்து எறங்காது எறங்காதுன்னு அவன் தலபாடா அடிச்சிக்கிட்டான். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

இரண்டு பேரும் சேர்ந்துதான் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். மாமாவோடு இனியும் சண்டை போடலாம். அப்பாவோடு போட நாள் மிச்சமில்லை. கஞ்சியை ஊட்டினேன்.