எண்பத்து நான்காவது ஆள்

பேச ஆரம்பிக்குமுன் நாகலெட்சுமி போனை இரண்டு தரம் உதறுவார், குடையிலிருந்து மழைத்தண்ணீரை உதறுவதுபோல. அப்போதுதான் சிக்னல் இறங்குமாம். பிறகு அதை வாயருகே பிடித்துக்கொண்டு, எதிர்மலையில் நிற்பவரைக் கூப்பிடும் குரலில் சொல்வார்: "அடியே புள்ளைங்களா, கேக்குதா? இன்னிக்கு எங்களுக்கு மூணாம் நம்பர் மலை. மேல வழுக்குது, செருப்ப நம்பி ஏறாதீங்க. லயத்து வீடுகளுக்குத் தண்ணி வரலே. பைப்ப ஒடச்சவன் எவனோ, அவன் வெளங்கவே மாட்டான்."

கீழே கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிசனில் இருபத்தாறு வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். வயது நாற்பத்தெட்டு. கிட்டப் போனால் மூட்டுவலித் தைலத்தின் நெடி அடிக்கும். கொழும்பில் துணிக்கடையொன்றில் வேலை செய்யும் மகள், போன தீபாவளிக்கு வந்தபோது அம்மாவின் போனில் வாட்ஸ்அப் குரூப் ஒன்றைத் தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். டிவிசனில் போன் வைத்திருப்பவர்களும் மகளுமாக எண்பத்து மூன்று பேர் அதில் சேர்ந்துவிட்டார்கள். யாருக்குக் காய்ச்சல், சிறுத்தை எந்தப் பக்கம் இறங்கியது, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை யாரை ஏசினார், எல்லாம் அதில் வரும். பாதிக்கு மேல் நாகலெட்சுமி பேசி அனுப்பும் குரல்தான்.

எண்பத்து நான்காவதாகச் சேர்ந்தவர் கஜனி. யாழ்ப்பாணத்துப் பெண். தோட்டத்து மக்கள் போனில் எப்படி உரையாடுகிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறார். ஜனவரியில் நேரிலேயே வந்து, கோயில் முற்றத்தில் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினார். "நீங்கள் வழமையா எப்பிடிக் கதைப்பீங்களோ அப்பிடியே கதையுங்கோ. உங்கட பேர் ஒண்டும் வெளியில வராது. நான் சும்மா பாத்துக்கொண்டிருப்பன், அவ்வளவுதான்." எல்லாரும் தலையாட்டினார்கள். தாளில் கையெழுத்தும் போட்டார்கள்.

மறுநாள் காலை குரூப்பில் ரோஜாப்பூப் படம் வந்தது. அடுத்த நாள் ஏழு ரோஜாப்பூ. கணக்கப்பிள்ளையின் பரம்பரையையே தினமும் இழுத்து ஏசும் பழனியாண்டி, "அனைவருக்கும் இனிய காலை வணக்கம்" என்று எழுதினார். நாகலெட்சுமியோ, "இன்று குடிநீர் வரவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்றார். அதைக் கேட்டுவிட்டு மகள் பதறிப்போய்க் கூப்பிட்டாள்: "அம்மா, ஒடம்புக்கு முடியலையா? செய்தி வாசிக்கிற மாதிரி பேசுறீங்க?"

கஜனி சொன்ன சொல் தவறவில்லை. குரூப்பில் ஒரு வரி எழுதியதில்லை. "அதான் பெரிய தொல்ல," என்கிறார் நாகலெட்சுமி. "நாலு வார்த்த பேசுனா நம்மள்ல ஒருத்தின்னு மறந்துருவோம். பேசாம இருக்கிறவங்கள எப்புடி மறக்குறது?"

மார்ச்சில் ஒருநாள், வேலை முடிந்து ஏழாம் நம்பர் மலை வழியாக வந்த நாகலெட்சுமி, நிழல் மரத்தில் மூட்டை கட்டித் தொங்கவிட்டதுபோல் ஒரு குளவிக்கூட்டைப் பார்த்தார். கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். "பாக்குறேன்" என்று அவர் நடந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நாகலெட்சுமி போனை எடுத்துத் தம் சொந்தக் குரலில் எல்லாவற்றையும் சொன்னார். கணக்கப்பிள்ளைக்கும் இரண்டு கெட்ட வார்த்தை விழுந்தது. அனுப்புமுன் போட்டுக் கேட்டார்.

"கேட்டதும் கூசிருச்சு. படிச்ச புள்ள காதுல இது விழுகுமே, தோட்டத்துப் பொம்பளைங்க வாயி இப்புடித்தான்னு எழுதிருமோன்னு நெனச்சேன். அழிச்சுட்டேன்."

நல்ல தமிழில் சொல்லிப் பார்த்தார். மூன்று தரம் தடுமாறியது. சோறு கொதித்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று அடுப்படியில் உட்கார்ந்தவர், அப்படியே அசந்துவிட்டார். காலையில் எழுந்தபோது பிந்திவிட்டது. ஓட்டமாக ஓடி, தமக்குச் சொன்ன மூன்றாம் நம்பர் மலைக்கு ஏறினார். கூட்டின் ஞாபகமே வரவில்லை.

ஏழாம் நம்பருக்குப் போனவர்கள் அடுத்த லயத்துத் தனுஜாவும் அவளோடு பறிக்கும் பெண்களும். பத்து மணிக்கு எதிர்மலையிலிருந்து அலறல் கேட்டது. ஏழு பெண்களுக்குக் கொட்டு. தனுஜாவுக்குத்தான் அதிகம். முகமெல்லாம் கொட்டி, ஓடும்போது தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து மணிக்கட்டும் முறிந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

மூன்றாம் நாள் நாகலெட்சுமி பஸ் ஏறிப் போனார். தனுஜாவின் கண்கள் வீங்கி மூடியிருந்தன. கட்டிலோரம் நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

"நீங்க பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன்."

"முந்துன நாளேவா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாமேக்கா," என்று தனுஜா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நாகலெட்சுமி பஸ்ஸில் திரும்பி வந்து, அடுத்த நாள் வேலைக்குப் போனார்.

விசயம் அறிந்து கஜனி வந்து அழுதுவிட்டுப் போனார். அன்றே குரூப்பை விட்டும் வெளியேறினார். "அந்தப் புள்ள மேல குத்தம் போட்டு எழுதிறாதீங்க," என்று, இதை எழுத வந்த என்னிடம் நாகலெட்சுமி கண்டித்துச் சொன்னார். "கேட்டுட்டுத்தான் வந்துச்சு. நாங்கதான் சரின்னோம். கூசுனது எனக்கு."

கஜனி போய் மூன்று மாதம். குரூப்பில் இன்னமும் ரோஜாப்பூதான். யாராவது எழுதத் தொடங்குவது தெரியும், பிறகு அது நின்றுவிடும். நாகலெட்சுமியின் குரலையும் காணோம். அவர் இப்போது கதவு கதவாகப் போகிறார்.

ஒரு சாயங்காலம் நானும் கூடப் போனேன். மூன்று லயம், நாற்பத்தொரு கதவு. கொழுந்தை எடைபோட்ட கையோடு, இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் கிளம்பிவிட்டார். ஒவ்வொரு கதவிலும் ஒரே பேச்சு. "ஒம்பதாம் நம்பர்ல கூடு இருக்கு. மேல் ரோட்டால போங்க." தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டவர்களுக்குக் கையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். படியேறும்போதெல்லாம் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போன்ல சொன்னா ஒரு நிமிசத்துல முடியுமே?" என்றேன்.

"தெரியும். எடுத்தா வாயி வரமாட்டேங்குது."

கடைசிக் கதவு தனுஜாவுடையது. மணிக்கட்டு சற்றே கோணலாகச் சேர்ந்திருந்தது. செய்தியைக் கேட்டுக்கொண்டாள். பிறகு உள்ளே போய், நல்ல கையால் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துவந்து வாசலில் போட்டாள். "உக்காருங்கக்கா."

நாகலெட்சுமி கதிரையைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் அதன் ஓரத்தில் மட்டும் உட்கார்ந்தார், கூப்பிட்டால் எழுந்து போய்விடத் தயாரானவர்போல, இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு.