சத்தமில்லாத தெருவில் ஒரு வீடு

சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. கத்தினால்தான் பேச்சு கேட்கும். மனைவிக்குப் பஞ்சுத்தூசி ஆகாது என்று டாக்டர் சொன்னதால், எண்பதுகளில், ஊர் ஓரத்துப் பழைய தெருவில் ஒரு வீடு பார்க்கப் போனோம்.

"ஏட்டி, அடுக்களை பிடிச்சிருக்கா?" என்று தறித்தெருப் பழக்கத்தில் கத்தினேன்.

வீட்டுக்காரர் ஓடிவந்தார். "என்ன வே, வீடு வாங்குமுன்னயே சண்டையா?"

வாயை மூடினேன். அப்போதுதான் அவள் மூச்சு இழுப்பது கேட்டது. இத்தனை வருஷமும் தறிச் சத்தம் அதை மறைத்திருந்தது. இனி தினமும் இதைக் கேட்க வேண்டுமே என்று வேர்த்துவிட்டது. மகா வீரனான நான், "வெளிச்சம் பத்தாது" என்று வாசலுக்குப் பாய்ந்தேன்.

"எங்க ஓடுதீய? இங்கன மூச்சுவிட நல்லாருக்கு" என்றாள்.

வாங்கினோம். அதன்பிறகு, அந்த இழுப்பு இன்னும் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பதே என் பிழைப்பாயிற்று.